நுண்ணுயிர்களின் பூமி: உயிரின் நெடிய வரலாற்றுக்கு ஓர் அறிமுகம்

கொழும்பின் செம்மண்ணையும் களனி ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலையும் அகற்றிப் பார்த்தால், அடியில் இருப்பது மிகப் பழைய கருங்கற்பாறை. அத்திவாரத்துக்கும் கொங்கிறீற்றுக்கும் உடைத்தெடுக்கப்படும் இத்தகைய கல்லில் எவ்வளவு தேடினாலும் ஒரு சிப்பியின் ஓட்டையோ ஓர் இலையின் பதிவையோ காண முடியாது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இவ்வாறான பாறையால் ஆனது. ஆகையால் புவியில் உயிரின் வரலாறு என்பது நம் பிள்ளைகளுக்குக் கையால் தொட்டறியும் பாடமாக அமைவதில்லை. புத்தகங்களிலும் தொலைக்காட்சியிலும் காணும் ஒரு படவரிசையாகவே அது மனத்தில் பதிகிறது. அந்த வரிசை பெரும்பாலும் மீனில் தொடங்கி, டைனோசரைக் கடந்து, நிமிர்ந்து நடக்கும் மனிதனில் முடிகிறது.

அந்தப் படவரிசையில் உள்ளவை அனைத்தும் மெய்யானவை. ஆனால் அது உயிரின் வரலாற்றில் கடைசி ஏழில் ஒரு பங்கைத்தான் காட்டுகிறது. எஞ்சிய ஆறு பங்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களின் காலம். நாம் சுவாசிக்கும் ஒட்சிசனை முதலில் வளிமண்டலத்தில் சேர்த்தவை அவை. நம் உடலின் ஒவ்வொரு கலத்தின் அமைப்பும் அவற்றிடையே உருவானது. ஆகவே இந்தப் பாடத்தைத் தொடங்குபவர், விலங்குகளுக்கு முந்திய காலத்தை வெறும் முன்னுரையாகக் கருதிக் கடந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

காலம் எவ்வாறு அளக்கப்பட்டது

ஒரு பாறை இன்னொன்றைவிடப் பழையது என்பதை அறிவதற்கான அடிப்படை விதியை 1669ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த அறிஞர் நிக்கலஸ் ஸ்டெனோ எழுதினார். நீரின் அடியில் மண்ணும் மணலும் படிந்து உருவாகும் பாறைகளில், குலையாமல் கிடக்கும் அடுக்குகளைப் பொறுத்தவரை, கீழே உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது. இதன் பயனை முழுமையாக வெளிக்கொணர்ந்தவர் இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் பணிகளுக்கு நிலம் அளந்த வில்லியம் ஸ்மித். ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய உயிர்ச்சுவடுகள் இருப்பதையும், எந்த ஊரில் வெட்டினாலும் அவை ஒரே ஒழுங்கில் வருவதையும் அவர் கண்டார். 1815இல் அவர் வெளியிட்ட புவிச்சரிதவியல் வரைபடம் அந்த ஒழுங்கை நாடு முழுவதற்கும் விரித்துக் காட்டியது. டார்வினுடைய கூர்ப்புக் கொள்கை 1859இல் வெளிவருவதற்கு முன்னரே இந்த வரிசை பெரும்பாலும் நிறுவப்பட்டுவிட்டது என்பதைப் பலர் அறிவதில்லை. உயிர்கள் மாறி வந்துள்ளன என்பதைப் பாறைகளே முதலில் காட்டின. ஏன் மாறின என்ற விளக்கம் பிறகு வந்தது.

ஆனால் அடுக்குகளின் வரிசை மட்டும் ஆண்டுக் கணக்கைத் தராது. அதற்குக் கதிரியக்கத்தின் கண்டுபிடிப்பு தேவைப்பட்டது. யுரேனியம் போன்ற மூலகங்களின் அணுக்கள் மாறாத வேகத்தில் சிதைந்து இறுதியில் ஈயமாகின்றன. யுரேனியம்-238 என்ற சமதானியில் (சமதானி என்பது ஒரே மூலகத்தின், நிறையால் வேறுபட்ட அணுவகை) பாதி சிதைவதற்கு 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு கனியத்தில் எஞ்சியுள்ள யுரேனியத்தையும் அதிலிருந்து உருவான ஈயத்தையும் அளந்தால், அக்கனியம் உருவாகி எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைக் கணக்கிடலாம். மாத்தறை வைரம் என்ற பெயரில் நம் நாட்டு நகைக்கடைகளில் விற்கப்பட்ட சிர்க்கோன், இந்த வேலைக்கு மிகவும் ஏற்ற கனியமாகும். உருவாகும்போது அது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும், ஈயத்தையோ ஏறக்குறைய முற்றாக ஒதுக்கிவிடும். எனவே பின்னாளில் அதனுள் காணப்படும் ஈயம் அனேகமாக முழுவதும் சிதைவினால் வந்தது என்று கொள்ளலாம்.

இந்த அளவீட்டின் தொடக்க வரலாற்றில் கொழும்பில் பிறந்த ஒரு தமிழருக்கு இடம் உண்டு. கலை வரலாற்று அறிஞராகவே நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி, தம் இளமையில் புவிச்சரிதவியலாளராக இருந்தார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனியவள ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார். தோரியனைற்று என்ற கதிரியக்கக் கனியம் அவரால் 1904இல் இங்கே கண்டறியப்பட்டது. லண்டனில் ஆர். ஜே. ஸ்ட்ரட் என்ற பௌதிகவியலாளர் இலங்கைத் தோரியனைற்றை எடுத்து, அதனுள் அடைபட்டிருந்த ஹீலியத்தின் அளவையும் அது உருவாகும் வேகத்தையும் அளந்தார். அக்கல்லின் வயது இருபது கோடி ஆண்டுகளுக்குக் குறையாது என்பது அவருக்குத் தெரியவந்தது. சூரியனும் பூமியும் சில கோடி ஆண்டுகளே பழையவை என்று பெரும் பௌதிகவியலாளர்கள் கூறிவந்த காலம் அது.

ஸ்ட்ரட்டின் மாணவரான ஆர்தர் ஹோம்ஸ், 1911இல், தமது இருபத்தோராவது வயதில், யுரேனியம்-ஈய முறையால் பல நாட்டுக் கற்களின் வயதுகளைக் கணக்கிட்டு வெளியிட்டார். அந்தப் பட்டியலில் மிகப் பழையதாக நின்றது இலங்கையிலிருந்து சென்ற ஒரு மாதிரி. அதற்கு அவர் கண்ட வயது 164 கோடி ஆண்டுகள். சமதானிகள் பற்றிய அறிவோ, தோரியமும் சிதைந்து ஈயமாகும் என்ற உண்மையோ அப்போது கிடைத்திருக்கவில்லை. எனவே அவ்வெண்கள் பின்னர் திருத்தம் பெற வேண்டியிருந்தன. எனினும் பூமியின் வயதை நூறு கோடிகளில் எண்ண வேண்டும் என்ற உணர்வு அங்கிருந்துதான் வலுப்பெற்றது. இறுதியில் 1956இல் கிளேர் பற்றர்சன், விண்கற்களில் உள்ள ஈயத்தின் சமதானிகளை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்றார். இன்று ஏற்கப்படும் 454 கோடி என்ற எண் அதிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. மில்லியனில் எண்ணிப் பழகியவர்கள் ஒரு கோடியைப் பத்து மில்லியன் என்று கொண்டால் இக்கட்டுரையின் எண்கள் அனைத்தும் விளங்கும்.

நானூறு கிலோமீற்றர்

454 கோடி என்பதை மனம் பற்றிக்கொள்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக் கோட்டைக்கு வரும் ரயில் பாதை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நீளமானது. யாழ்ப்பாண நிலையத்தில் பூமி உருவாகிறது என்றும், ரயில் கோட்டை மேடையில் வந்து நிற்கும் இடம் இன்றைய நாள் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோமீற்றரும் 1 கோடியே 13 இலட்சம் ஆண்டுகளைக் குறிக்கும். உயிர் இருந்ததற்கு நம்பத்தக்க சான்று மாங்குளத்தை அண்மித்த இடத்தில் கிடைக்கத் தொடங்குகிறது. வளிமண்டலத்தில் ஒட்சிசன் சேர்வது அனுராதபுரத்துக்குச் சற்று முன்னே. இங்கே கவனிக்க வேண்டியது, வவுனியா, அனுராதபுரம், மாகோ, குருநாகல், பொல்கஹவெல என்று வண்டி கடந்துவரும் இவ்வளவு தூரத்திலும் ஒரு மீனோ ஒரு புழுவோ ஒரு புல்லோ இல்லை என்பதுதான். ஓடும் கால்களும் கண்களும் கொண்ட விலங்குகள் கடல்களில் பெருகுவது மீரிகமப் பக்கத்தில், கோட்டைக்கு ஏறத்தாழ 47 கிலோமீற்றர் இருக்கும்போது. டைனோசர்கள் களனிக்கு அண்மையில் மறைகின்றன. நம் மனித இனம் தோன்றி மூன்று இலட்சம் ஆண்டுகள் ஆகியுள்ளன என்று கொண்டால், அது வண்டி நிற்பதற்கு 26 மீற்றர் முன்னர். ஒரு பெட்டியின் நீளத்தைவிடச் சற்று அதிகம்.

அறிவியலாளர் இந்தப் பாதையை நான்கு பேரூழிகளாகப் பிரிக்கின்றனர். ஹேடியன் முதலாவது, அது 400 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிகிறது. அடுத்தது ஆர்க்கியன், 250 கோடி வரை. பின்னர் புரட்டரோசோயிக், 53.9 கோடி வரை. அதன் பிறகு இன்றுவரை நடப்பது பனரோசோயிக். பாடப்புத்தகங்களில் நாம் மனனம் செய்யும் கேம்பிரியன், டெவோனியன், ஜுராசிக் முதலிய பெயர்கள் அனைத்தும் இந்தக் கடைசிப் பேரூழியின் உட்பிரிவுகளே.

முந்நூறு கோடி ஆண்டுகளின் வேலை

முதல் உயிர் எப்படி, எங்கே தோன்றியது என்பது இன்னும் தீர்க்கப்படாத கேள்வி. கடலடியில் சூடான, கனிய வளம் நிறைந்த நீர் ஊறிவரும் வெடிப்புகளில் என்று ஒரு சாராரும், நிலத்தில் ஈரமும் உலர்வும் மாறிமாறி வரும் வெந்நீர்க் குளங்களில் என்று வேறொரு சாராரும் கருதுகின்றனர். பூமி மிக விரைவிலேயே உயிர் வாழத்தக்க நிலைக்கு வந்தது என்பதற்கு மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த ஒரு சிர்க்கோன் துணுக்குச் சான்று தருகிறது. அதன் வயது 440 கோடி ஆண்டுகள். அதிலுள்ள ஒட்சிசன் சமதானிகளின் விகிதம், அப்போதே திரவ நீர் இருந்ததைச் சுட்டுகிறது.

அதே மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில், 348 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில், படலம் படலமாக வளர்ந்த மேடுகளின் சுவடுகள் உள்ளன. ஸ்ட்ரோமட்டோலைற்று எனப்படும் இவை, பாய்போலப் பரந்து வாழும் நுண்ணுயிர்களின் மீது மணலும் சுண்ணமும் படிய, அவை ஒளியை நாடி மேலே வளர, மறுபடியும் மணல் படிய உருவானவை. இத்தகைய மேடுகள் அதே கரையோரத்தில், ஷார்க் விரிகுடாவில், இன்றும் உயிருடன் வளர்கின்றன. பூமியில் வேறெந்த உயிர்க் கட்டமைப்புக்கும் இவ்வளவு நீண்ட தொடர்ச்சி இருப்பதாக நான் அறியேன்.

இந்த நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் செய்தது உலகையே மாற்றிவிட்டது. சயனோபற்றீரியாக்கள் சூரிய ஒளியைக் கொண்டு நீரை உடைத்து, காபனீரொட்சைட்டிலிருந்து உணவு தயாரிக்கும் வழியைக் கண்டன. அந்த ஒளித்தொகுப்பின் கழிவுப்பொருள்தான் ஒட்சிசன். அதுவரை வளிமண்டலத்தில் தனி ஒட்சிசன் இல்லை என்றே சொல்லலாம். வெளிவந்த ஒட்சிசனும் உடனே காற்றில் நிலைக்கவில்லை. பண்டைய கடல்நீரில் ஏராளமாகக் கரைந்திருந்த இரும்பு அதனுடன் சேர்ந்து துருவாகிக் கடலடியில் படிந்தது. சிவந்த பட்டைகளும் சாம்பல்நிறப் பட்டைகளும் மாறிமாறி வரும் அந்த இரும்புப் படிவுகளிலிருந்துதான் இன்று உலகில் அகழப்படும் இரும்புத் தாதின் பெரும்பகுதி கிடைக்கிறது. புறக்கோட்டையின் இரும்புக் கடைகளில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் கம்பிகளுக்கும் இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடல் நுண்ணுயிர்களுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

இரும்பும் எரிமலை வாயுக்களும் ஈர்த்துக்கொண்டது போக மிஞ்சிய ஒட்சிசன், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் காற்றில் சேரத் தொடங்கியது. அக்காலத்து உயிர்களுக்கு அது நன்மையாக இருக்கவில்லை. ஒட்சிசன் இல்லாச் சூழலுக்குப் பழகியிருந்த நுண்ணுயிர்களுக்கு அது நச்சு. அவற்றின் வழிவந்தவை இன்றும் சேற்றின் ஆழத்திலும் விலங்குகளின் குடலிலும் ஒதுங்கி வாழ்கின்றன; கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் குமிழியாக மேலெழும் மெதேன் வாயு அத்தகைய உயிர்களின் வேலை. வேறு சில நுண்ணுயிர்களோ ஒட்சிசனைப் பயன்படுத்தி உணவிலிருந்து பல மடங்கு அதிக சக்தியைப் பெறக் கற்றுக்கொண்டன. காலப்போக்கில் உயர் வளிமண்டலத்தில் ஓசோன் படை உருவாகி, தீங்கு விளைவிக்கும் புறஊதாக் கதிர்களைத் தடுத்தது. இவ்வளவு பெரிய மாற்றத்தைப் பிற்காலத்தில் எந்த விலங்கும் செய்யவில்லை.

அடுத்த பெரும் திருப்பம் கலத்துக்குள் நிகழ்ந்தது. பற்றீரியாவின் கலத்தில் கரு இல்லை. தாவரம், விலங்கு, பங்கசு ஆகியவற்றின் கலங்களில் கரு உண்டு. சக்தியை வெளிப்படுத்தும் இழைமணி என்ற நுண்ணுறுப்பும் உண்டு. ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த பற்றீரியாவே இழைமணியாக மாறியது என்ற கருத்தை அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967இல் விரிவாக வாதிட்டார். ஓர் உயிரினுள் இன்னோர் உயிர் புகுந்து, இரண்டும் பிரிக்க முடியாதவாறு இணைந்தன என்பது அக்காலத்தில் ஏற்பதற்கு எளிதான கருத்தாக இருக்கவில்லை. ஆனால் இழைமணிக்குச் சொந்தமாக டிஎன்ஏ உண்டு. அது பற்றீரியாவைப் போலவே வட்ட வடிவானது. இழைமணி தானாகப் பிளந்து பெருகுகிறது. அதைச் சுற்றி இரட்டை மென்சவ்வு இருக்கிறது. இச்சான்றுகள் திரண்டபோது எதிர்ப்பு ஓய்ந்தது. தாவரங்களின் பச்சையவுருமணியும் இவ்வாறே உள்ளே புகுந்த சயனோபற்றீரியாவின் வழிவந்தது. ஆகவே நமது வீட்டு முற்றத்து முருங்கை இலையில் ஒளித்தொகுப்பு நடத்துவதும், 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வானை மாற்றியதும் ஒரே குலம்.

கருவுள்ள கலங்களின் சுவடுகள் ஏறத்தாழ 165 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளிலிருந்து கிடைக்கின்றன. அதன் பின்னர் நீண்ட காலம் மாற்றங்கள் மெதுவாகவே நடந்தன. 72 கோடிக்கும் 63 கோடிக்கும் இடைப்பட்ட காலத்தில் இரண்டு தடவைகள் பனிப்பாறைகள் துருவங்களிலிருந்து நிலநடுக்கோட்டுப் பகுதிவரை பரவின. பூமி ஏறக்குறைய முழுவதும் உறைந்தது. அதைத் தாண்டியும் உயிர் பிழைத்தது. பனி விலகிய சில கோடி ஆண்டுகளில், கண்ணால் பார்க்கக்கூடிய முதல் பெரிய உயிர்களின் பதிவுகள் கடலடி மணற்பாறைகளில் தோன்றுகின்றன. தென் அவுஸ்திரேலியாவின் எடியகாரா மலைகளில் 1946இல் கண்டறியப்பட்ட இவை, தட்டையான மெல்லுடலிகள். பலவற்றுக்கு வாயோ கண்ணோ கால்களோ இருந்த அடையாளம் இல்லை.

விலங்குகள் பெருகியபோது இலங்கை எங்கே இருந்தது

53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் கேம்பிரியன் காலத்தில், இரண்டு மூன்று கோடி ஆண்டுகளுக்குள், இன்றுள்ள விலங்குப் பெருங்குழுக்களில் மிகப் பலவற்றின் முன்னோர்கள் சுவடுகளில் தென்படுகின்றன. கனடாவின் பேர்ஜஸ் மென்களிப் பாறையில் 1909இல் சார்லஸ் வோல்கொட் கண்டெடுத்த சுவடுகளும், சீனாவின் செங்ஜியாங்கில் கிடைத்த அவற்றைவிடச் சற்று முந்திய சுவடுகளும், கூட்டுக் கண்களையும் மூட்டுக் கால்களையும் பற்றும் உறுப்புகளையும் தெளிவாகக் காட்டுகின்றன. ஏன் இந்தப் பெருக்கம் அப்போது நிகழ்ந்தது என்பதற்குக் கடலில் ஒட்சிசன் உயர்ந்தமை, உடலமைப்பை வகுக்கும் மரபணுக்கள் ஏற்கெனவே திரண்டிருந்தமை, ஒன்றை ஒன்று தின்னும் போட்டியில் ஓடுகளும் கண்களும் தேவைப்பட்டமை எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. தனி ஒரு காரணத்தைவிட இவை சேர்ந்தே இயங்கின என்பதே பொருத்தமாகப் படுகிறது.

நம் நாட்டுப் பாறைகள் அதற்குச் சற்று முந்திய காலத்தில், 61 கோடிக்கும் 55 கோடிக்கும் இடையில், பூமியின் ஆழத்தில் வெந்துகொண்டிருந்தன. கண்டத்தட்டுகள் ஒன்றோடொன்று மோதி, கொண்டுவானா என்ற பெருங்கண்டமாக இணைந்தபோது, இன்றைய இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியவற்றின் இடையில் இலங்கையின் நிலம் அகப்பட்டது. மேலே பெரும் மலைத்தொடர் நிற்க, பல்லாயிரம் மீற்றர் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பழைய மணலும் களியும் சுண்ணமும் முற்றாக உருமாறின. இரத்தினபுரியின் நீலக்கற்களும் போகலச் சுரங்கத்தின் காரீயமும் (பென்சிலில் பயன்படும் கிரபைற்று) அந்த உருமாற்றத்தின் விளைவுகள். மூலப் படிவுகளில் ஏதேனும் உயிரின் தடம் இருந்திருந்தாலும் அந்த உலையில் எஞ்சியிருக்காது. கொழும்புக் கருங்கல்லில் சுவடு இல்லாமைக்குக் காரணம் இதுவே.

அடுத்த முப்பது கோடி ஆண்டுகளின் கதை பரவலாகத் தெரிந்தது. ஆதலால் இங்கு விரைவாகச் சொல்கிறேன். ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் பாசிகளை ஒத்த சிறு தாவரங்கள் நிலத்தில் பரவின. நான்கு கால்களுக்கான எலும்புகள் துடுப்புக்குள்ளே உருவாகத் தொடங்கியிருந்த டிக்டாலிக் என்ற மீன், 37.5 கோடி ஆண்டுப் பழமையான பாறையிலிருந்து 2004இல் கனடாவின் வடகோடித் தீவொன்றில் எடுக்கப்பட்டது. அத்தகைய உயிர் இருந்திருந்தால் எந்த வயதுடைய, எவ்வகைப் பாறையில் கிடைக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்துத் தேடியதால்தான் அது அகப்பட்டது என்பதை மாணவர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். பின்னர் வந்த கார்பனிபெரஸ் காலத்துச் சதுப்புக் காடுகள், மக்கிப்போகாமல் புதைந்து, ஐரோப்பாவினதும் வட அமெரிக்காவினதும் பெரும் நிலக்கரிப் படுகைகளாயின. கொண்டுவானா நிலங்களின் நிலக்கரி, அதற்கடுத்த பேர்மியன் காலத்தில் வளர்ந்த குளொசொப்தெரிஸ் மரங்களிலிருந்து வந்தது. ஓடு கொண்ட முட்டையிடும் நகருயிர்கள் நீர்க்கரையை விட்டு விலகி வாழத் தொடங்கியதும் இக்காலங்களில்தான்.

25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த அழிவைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். டைனோசர்களைக் கொன்ற விண்கல்லைப் பற்றி எல்லோரும் அறிவர். அதைவிடக் கொடியது இது. சைபீரியாவில் பூமி பிளந்து பெருமளவில் எரிமலைக் குழம்பு வழிந்து, வழியில் இருந்த நிலக்கரியையும் உப்புப் படிவுகளையும் எரித்தது. வெளியேறிய காபனீரொட்சைட்டினால் பூமி வெப்பமடைந்தது, கடல்நீர் அமிலமானது, வெப்பமான கடலில் ஒட்சிசன் குறைந்தது. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் அழிந்தன. ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகள் கடல்களில் வாழ்ந்த, ஓடும் மூட்டுக் கால்களும் கொண்ட திரைலோபைற்றுக்கள் அத்தோடு முடிந்தன. பழைய நிலைக்கு ஒத்த பல்வகைமை திரும்புவதற்குப் பல மில்லியன் ஆண்டுகள் சென்றன. வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டைச் சேர்ப்பது கடலுக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு பாறைகளில் இல்லை.

அழிவுக்குப் பின் எஞ்சிய நகருயிர்களிலிருந்து, ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் எழுந்தன. முதல் முலையூட்டிகளும் அதற்குச் சற்றுப் பின்னரே தோன்றி, பெரும்பாலும் சிறிய உடல் கொண்டவையாக அவற்றுடன் பதினைந்து கோடி ஆண்டுகள் வாழ்ந்தன. ஆகவே டைனோசர்கள் போன பிறகுதான் முலையூட்டிகள் வந்தன என்று எண்ணுவது பிழை. இலங்கையில் இக்காலத்துச் சுவடுகள் சில உண்டு. புத்தளம் மாவட்டத்தின் தப்போவவிலும் ஆண்டிகமவிலும், பழைய பாறையில் விழுந்த பள்ளங்களில் தேங்கிய ஜுராசிக் காலப் படிவுகள் தப்பிக் கிடக்கின்றன. அவற்றில் பன்னங்களின் இலைப்பதிவுகளும் சைக்கஸ் இலையை ஒத்த பதிவுகளும் கிடைத்துள்ளன. டைனோசர்கள் வாழ்ந்த காலத்து இலங்கையின் காட்டை அந்த இலைகளில் நாம் பார்க்கிறோம்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் அகலமான விண்கல் ஒன்று இன்றைய மெக்சிக்கோவின் யுகற்றான் கரையில் மோதியது. பூமியின் மேலோட்டில் அரிதான இரிடியம் என்ற உலோகம் அக்காலத்து மெல்லிய களிப் படையில் வழக்கத்துக்கு மாறாக நிறைந்திருப்பதை அல்வாரஸ் தந்தையும் மகனும் தம் சகாக்களுடன் 1980இல் எடுத்துக்காட்டியதால் இது தெரியவந்தது. பறக்காத டைனோசர்கள் அனைத்தும் மறைந்தன. சிறகு முளைத்த ஒரு கிளை மட்டும் பிழைத்தது. காலிமுகத்திடலில் தீனி தேடி இறங்கும் காகங்கள் அந்தக் கிளையின் வழித்தோன்றல்கள். அறிவியல் வகைப்பாட்டின்படி பறவைகளும் டைனோசர்களே.

தீவின் அண்மைக் காலம்

கொண்டுவானா உடைந்தபின் இந்தியாவுடன் சேர்ந்து வடக்கே நகர்ந்த நம் நிலத்தின் வடபகுதி, ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசீன் காலத்தில், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த முருகைகளும் சிப்பிகளும் ஓடு கொண்ட நுண்ணுயிர்களும் மடிந்து படிந்ததே யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல். கிணற்றுக்கு நீர் தருவதும், நிலாவரைக் கிணற்றின் ஆழத்தைக் கரைத்து உருவாக்கியதும், காங்கேசன்துறைச் சீமெந்துக்கு மூலப்பொருளானதும் அந்தச் சுண்ணக்கல்லே. கொழும்பில் வளரும் பிள்ளைக்கு உயிர்ச்சுவட்டைக் கையில் கொடுத்துக் காட்ட விரும்பும் பெற்றோர், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டு மதிலில் உள்ள கல்லை ஒரு கைவில்லையால் உற்றுப் பார்க்கச் செய்யலாம். சிப்பியின் வளைவும் முருகையின் நட்சத்திரத் துளைகளும் பல கற்களில் தெரியும்.

இதற்குப் பின் வந்தது பனியுகங்களின் காலம். பனிப்படலங்கள் வடக்கே பெருகியபோதெல்லாம் கடல்மட்டம் இறங்கியது. 20,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை உலர்ந்த நிலமாகி, விலங்குகள் இந்தியாவிலிருந்து நடந்தே வந்து போயின. இரத்தினபுரியில் இரத்தினக்கல் தேடி அகழ்வோர் தோண்டியெடுத்த சரளைப் படைகளில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் பற்களும் எலும்புகளும் கிடைத்தன. இன்று இவற்றில் ஒன்றேனும் இத்தீவில் இயற்கையாக வாழவில்லை. கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல இவற்றைத் திரட்டி விவரித்தார். மழைக்காட்டால் மூடுண்ட அப்பகுதியில் ஒருகாலத்தில் புல்வெளிகளும் அகன்ற நீர்நிலைகளும் இருந்திருக்க வேண்டும் என்பதை அவ்வெலும்புகள் உணர்த்துகின்றன.

ஆனால் அச்சரளைப் படைகளில் ஒரு சிக்கல் உண்டு. ஆறுகள் பழைய எலும்பையும் புதிய எலும்பையும் ஒன்றாக உருட்டிவந்து கலந்துவிட்டதால், கீழே உள்ளது முந்தியது என்ற ஸ்டெனோவின் விதியை அங்கே நம்பிப் பயன்படுத்த முடியாது. குகைகள் அப்படியல்ல. பாகியங்கல, பட்டதொம்பலென போன்ற குகைகளில் மனிதர் மூட்டிய தீயின் கரியும், உண்டு எறிந்த குரங்கு, மரஅணில் எலும்புகளும், கூராக்கிய எலும்பு முனைகளும் குலையாத அடுக்குகளாகக் கிடக்கின்றன. யுரேனியம்-ஈய முறை இங்கே உதவாது. யுரேனியம் ஈயமாகும் சிதைவு இவ்வளவு குறுகிய காலத்தை அளக்கும் அளவுக்கு விரைவானது அல்ல. 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் காபன்-14 என்ற சமதானியைக் கரியில் அளந்தே இவ்வடுக்குகளின் வயது கணிக்கப்பட்டது. பாகியங்கலக் குகையின் மிகக் கீழுள்ள மனித வாழ்விட அடுக்குகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழமையானவை. அம்முறையால் அளக்கக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது.